தோர்கில் எண்ணிய கொடிகள்

“உன் கொடி இன்னும் மேலயே இருக்கு. சூரியன் போய் நாலு நிமிஷம் ஆச்சு.”

தோர்கில் போனில் நலம் விசாரிப்பதில்லை. தன் பெயரையும் சொல்வதில்லை. இந்தத் தீவில் அந்த நேரத்தில் வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? அடுப்பில் மீன் கருகினாலும் சரி, நான் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடி, கயிற்றை அவிழ்த்து, கொடியை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டைப் பார்ப்பேன். சமையலறை ஜன்னலில் அவர் நிற்பார். தலையை ஒரு முறை ஆட்டுவார். அன்றைய சிநேகம் அத்துடன் முடிந்தது.

எங்கள் பக்கத்தில் கொடிக்கம்பம் இல்லாத தோட்டம் கிடையாது. பிறந்தநாளா, தேசியக் கொடி ஏறும். ஊர் போனவர் திரும்பி வருகிறாரா, கொடி ஏறும். பொழுது சாய்ந்தால் இறங்கிவிட வேண்டும். இருட்டிய பிறகு பறக்கிற கொடி சாத்தானுக்குப் பறக்கிற கொடி என்பது இங்கே பழைய பேச்சு. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு சொல்வோம். தோர்கில் சிரிக்காமல் சொல்வார்.

அறுபத்து மூன்று வயது. கம்பத்துக்கே அண்ணன் போல உயரம். கோபமோ வெட்கமோ வந்தால் முகம் மாறாது, காது மட்டும் சிவக்கும். அதனால் அவரிடம் பேசுகிறவர்கள் காதைப் பார்த்தே பேசுவார்கள். காதுக்குப் பின்னால் ஒரு பென்சில் இருக்கும். அது தொலைந்தால் எடுப்பதற்குச் சட்டைப் பையில் இன்னொன்று. தொழில், தீவின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது. காலையில் சைக்கிளில் மேட்டுக்குப் போய் அழுத்தமானியைப் பார்ப்பார். எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்பது அந்த வீட்டாருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். பதினொன்றரைக்குத் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து மூன்று துண்டு கறுப்பு ரொட்டி சாப்பிடுவார். ஒன்றில் ஈரல் பசை, ஒன்றில் ஹெரிங் மீன். மூன்றாவதில் என்ன என்று அன்றன்றைக்குத்தான் முடிவு. “மூணாவதுல மட்டும் நான் சுதந்திர மனுஷன்,” என்பார்.

ஒன்பது வருடமாகத் தீவுச் சங்கத்துக்குத் தலைவர். அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. விதிப் புத்தகத்தை முழுதாகப் படிக்கும் பொறுமை வேறு யாருக்கும் இல்லை என்பதுதான் காரணம். அந்த வீட்டில் விதிக்கு அவர் பொறுப்பு, சிரிப்புக்குப் போடில் பொறுப்பு. போடில் அவர் மனைவி, எங்கள் பாடகர் குழுவின் கனத்த குரல். அவள் தோட்டத்தில் சிரித்தால் படகுத்துறையில் யூட்டேவுக்குக் கேட்கும். யூட்டே எங்கள் படகை ஓட்டுகிறவள். “போடில் சிரிச்சா நான் சங்கு ஊதத் தேவையில்ல,” என்பாள்.

பெருந்தொற்று வந்த அந்த வசந்தத்தில் போடில் தீவில் இல்லை. பாடகர் குழு பதினொரு பேர் வழக்கம் போல மார்ச்சில் வெயில் காய மதைரா தீவுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் போன மறு வாரமே எல்லைகள் மூடின. திரும்பி வரும் விமானம் ரத்து. மாற்று விமானமும் ரத்து. இருநூறு அறை கொண்ட ஓட்டலில் இந்தப் பதினொரு பேரும் ஒரு சமையல்காரரும் மட்டும். கடைசியில் ஒரு தனி விமானம் கிடைத்தது, சனிக்கிழமை. ஓட்டல் ஞாயிற்றுக்கிழமை மூடப்படுகிறது. விமானத்தில் ஏறுகிறவர்கள் எந்த முகவரியில் போய் ஒதுங்கியிருக்கப் போகிறார்கள் என்று வியாழன் மாலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதாவது, தீவு அவர்களை ஏற்குமா ஏற்காதா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். எழுபத்தொரு பேர் உள்ள தீவு, பாதிக்கு மேல் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். மருத்துவர் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் படகில் ஐம்பது நிமிடம், பிறகு காரில் அதே அளவு. வெட்கத்தோடு சொல்கிறேன், தீவின் ஒரே கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் நான். எனக்குப் பயமாக இருந்தது. ‘அங்கேயே வெயில்ல இருக்கட்டுமே’ என்று முதல் நாள் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியைப் பற்றித்தான் சொல்கிறோம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, படகுத்துறை மைதானத்தில் கூட்டம். ஆளுக்கொரு காருக்குள், ஜன்னலை நாலு விரல் இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் தோர்கில், தீயணைப்புப் படையின் ஒலிபெருக்கியோடு.

“படகு இருக்கு, டீசல் இருக்கு, நான் இருக்கேன்,” என்று யூட்டே கத்தினாள். “போன்னா போறேன். திறந்த மேல்தளத்துல உக்கார வெச்சுக் கொண்டாரேன். குளிர்ல கிருமியே செத்துடும்.”

“அதுக்கு முன்னாடி பாடகர்கள் செத்துடுவாங்க,” என்றது ஒரு கார்.

ஆங்கர் தன் பழைய வேனின் கதவைத் திறந்தார். எழுபத்தொன்பது வயது. வலை இழுத்த கை இன்னும் பலம், நுரையீரல்தான் போய்விட்டது. அவர் பேச ஆரம்பித்தால் மூச்சுக்காக நாம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம்.

“என் நுரையீரல்ல பாதிதான் வேலை செய்யுது. அந்தப் பாதிக்குப் பாட்டு கேக்கணும்னு ஆசை இருக்கு. சாகணும்னு ஆசை இல்ல.”

சிரித்தோம். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கே பேசியதில் அதுதான் நியாயமான பேச்சு.

“தலைவரே, உன் பொண்டாட்டியும் அங்கதானே? நீ என்ன சொல்றே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இங்கே தலைவரானாலும் ‘நீ’தான்.

தோர்கிலின் காது சிவந்தது. “நான் ஒண்ணும் சொல்லல. எண்ணறவன் ஓட்டுப் போடக்கூடாது. அதுவும் பொண்டாட்டி அங்க இருக்கறப்ப கூடவே கூடாது.” பிறகு விதியை அறிவித்தார். வந்தால், பதினொரு பேரும் வடக்கு முனை விடுமுறை முகாமில் பதினான்கு நாள் தனியாக இருக்க வேண்டும். சாப்பாடு வாசலில் வைக்கப்படும். ஓட்டு வியாழக்கிழமை, நடுப்பகல் பன்னிரண்டு. “வரட்டும்னா கொடி. வேண்டாம்னா வெறும் கம்பம். தொட்டி மேல ஏறி நானே எண்ணறேன். வீட்டை விட்டு யாரும் வர வேண்டாம்.”

நல்ல யோசனைதான். எல்லோரும் சம்மதமாக ஹாரன் அடித்தோம்.

எங்கள் வீடுகளில் பிறந்தநாள் காலண்டர் கழிவறைச் சுவரில்தான் தொங்கும். மாதத்துக்கு ஒரு பக்கம், தேதிக்கு நேராகப் பெயர். தீவில் இருக்கும் அத்தனை பெயரும் அத்தனை கழிவறையிலும் உண்டு. கூட்டம் நடந்தது மார்ச்சில். எல்லோர் வீட்டிலும் மார்ச் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் பிறந்து பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது. வியாழன், ஏப்ரல் இரண்டு. போடிலுக்கு அறுபது.

விருந்தைத் தொற்றுக்குப் பயந்து முன்பே மே மாதத்துக்குத் தள்ளியிருந்தோம். தேதியும் எங்கள் மனதில் அதோடு மே மாதத்துக்குப் போய்விட்டது. அந்த வாரங்களில் எங்களுக்குக் கிழமையே நினைவில் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு நான் திரையை விலக்கினேன். எதிர் மேட்டில் முதலில் ஏறிய கொடி ஆங்கருடையது. ஆங்கரா என்று வாயைப் பிளந்தேன். அடுத்து கீழ்த்தெருவில் ஒன்று. பிறகு சர்ச் பக்கம் நாலு. பத்து நிமிடத்தில் தீவு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகப் படபடத்தது. அறுபது வயதுப் பிறந்தநாளுக்குக் கொடி ஏற்றாமல் இருப்பது எங்கள் ஊரில் முகத்தில் அறைவதற்குச் சமம். வரட்டும் என்றவர்களும் ஏற்றினார்கள், வேண்டாம் என்றவர்களும் ஏற்றினார்கள். என் கொடியும் ஏறியது. எதற்காக என்று கேட்டால் அந்த நிமிடத்தில் எனக்கே பதில் தெரியாது.

ஒரே ஒரு கம்பத்தில்தான் கொடி இல்லாத நாட்களில் தொங்கும் நீள வால்துணி ஆடிக்கொண்டிருந்தது. அது தோர்கிலுடையது. அவர் தோட்டத்தில் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தபடி, இந்த ஒற்றுமையை நம்ப முடியாமல் நின்றார். வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

“தோர்கில், இன்னிக்கு என்ன நாளு?”

“ஓட்டு நாள்.”

“உள்ள போய்க் காலண்டரைத் திருப்பிப் பாரு.”

அந்த வீட்டில் பக்கத்தைத் திருப்புகிறவள் போடில். அவள் இல்லாததால் அங்கே இன்னும் மார்ச்தான். உள்ளே போனவர் வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கழுத்து வரை சிவந்திருந்தது. “பரிசுகூட வாங்கி ஜனவரியிலேயே அலமாரியில வெச்சிருக்கேன்,” என்றார். அதை எனக்குச் சொன்னாரா, அவளுக்குச் சொன்னாரா தெரியவில்லை.

பிறகு அவர் போன் ஓயவில்லை. என்னுடையது பிறந்தநாளுக்கு மட்டும் என்றார் ஒருவர். என்னுடையது இரண்டுக்கும் என்றார் மற்றொருவர். என் மனைவி ஏற்றினாள், எனக்குச் சம்பந்தமில்லை என்றார் இன்னொருவர். தோர்கில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். முதல் பென்சில் உடைந்து இரண்டாவதும் வெளியே வந்தது. கடைசியில் வீடு வீடாகக் கூப்பிட்டுப் புது விதி சொன்னார். “பிறந்தநாளுக்கு மட்டும் ஏத்தினவங்க பன்னிரண்டு அடிச்சதும் இறக்கிடுங்க. அப்புறம் எது நிக்குதோ அதான் ஓட்டு.”

“நல்லா இருக்கே,” என்றேன். “பிறந்தநாள் கொடியைப் பொழுது சாயறதுக்கு முன்னாடி இறக்கினா பிறந்தநாள்காரங்களுக்கு ஆகாதுன்னு ஒன்பது வருஷமா சொன்னது யாரு?”

“நான்தான்.”

“இப்ப எவன் இறக்குவான்?”

தவளை தன் வாயால் கெடும் என்பதை அவ்வளவு கிட்டத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அவர் கைபேசி ஒலித்தது. திரையில் போடில், பின்னால் பால்கனி பால்கனியாகப் பாடகர்கள், அதற்கும் பின்னால் கடல். பிறந்தநாள் பாட்டு முழுதாகப் பாடி முடித்தார்கள். வேலியோரம் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒட்டுக் கேட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

“கம்பத்தைக் காட்டு,” என்றாள் போடில்.

காட்டினார்.

“எனக்கு அறுபது வயசு. என் கொடி எங்கப்பா?”

“ஓட்டு நடக்குது. நான் போடக்கூடாது.”

“ஓட்டு யாரு கேட்டா? நான் பிறந்தநாள் கேக்கறேன்.”

“இப்ப ஏத்தினா ஓட்டாயிடும் போடில். பொண்டாட்டிக்காக விதியை வளைச்சுட்டான்னு சொல்வாங்க.”

தீவே அதிரும் அந்தச் சிரிப்பு, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து எங்கள் வேலியை ஆட்டியது. “முப்பத்தி நாலு வருஷமா நான் உன் விதியோட குடும்பம் நடத்திட்டேன். ஒரு நாளாவது நீ என்னோட நடத்துய்யா.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இத பாரு. ஆங்கருக்கு ஏதாவது ஆயிடும்னு பயமா இருந்தா சொல்லிடு. நாங்க இங்கயே ஏதாவது பண்ணிக்கறோம். நிஜமாத்தான் சொல்றேன்.”

“பயமாத்தான் இருக்கு,” என்றார் தோர்கில். “நீ வராம போயிடுவியோன்னு அதைவிடப் பயமா இருக்கு. அதனாலதான் நான் போடக்கூடாது.”

போடில் சிரிக்கவில்லை. “சரி, போய் ஒழுங்கா எண்ணு,” என்றாள்.

தொட்டியின் இரும்பு ஏணியில் அவர் ஏற, சாட்சிக்கு நான் கீழே நின்றேன். பூட்டிக் கிடந்த வீடுகளைக் கழித்தால் முப்பத்தைந்து கம்பம். சர்ச் மணி பன்னிரண்டு அடித்தது. துறைமுகப் பக்கம் ஒரு கொடி இறங்கியது. கீழ்த்தெருவில் இரண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று. பயந்தவர்கள், பாவம், நியாயமானவர்கள். அவர்களை யாரும் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

அப்போது எதிர் மேட்டில் ஆங்கர் வீட்டை விட்டு வெளியே வந்தார். கயிற்றை அவிழ்த்தார். அவர் கொடி மெல்ல மெல்லக் கீழே வந்தது. பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டது.

தோர்கில் மேலேயிருந்து போனில் அலறினார். “ஆங்கர்! பாதியில நிறுத்தாதே! பாதின்னா சாவு வீடு! அவளுக்குப் பிறந்தநாளுய்யா!”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஆங்கரின் மூச்சு எனக்கும் கேட்டது. “இருப்பா... மூச்சு வாங்குது. இறக்கறதா ஏத்தறதான்னு... யோசிக்கிறேன்.”

காத்திருந்தோம். அவர் பேச்சுக்கு எப்போதும் காத்திருப்பது போலத்தான். தோர்கில் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கெஞ்சியிருக்கலாம், நான் கெஞ்சியிருப்பேன். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முகாம்ல முழுசா பதினாலு நாளா?” என்றார் ஆங்கர்.

“பதினாலு. வாசல்ல நானே காவல்.”

“முகாம் என் வீட்டுல இருந்து எவ்வளவு தூரம்?”

“நாலு கிலோமீட்டர். அங்கிருந்து உன்கிட்ட ஒண்ணும் வராது.”

“பாட்டும் வராதா?”

தோர்கில் காற்றின் திசையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், பார்த்துவிட்டுத்தான் சொன்னார். “வடக்குக் காத்து அடிச்சா பாட்டு வரும்.”

எதிர் மேட்டில் கொடி மறுபடி ஏறத் தொடங்கியது. நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்க நின்று, பிறகு உச்சிக்குப் போனது. நான் கைதட்டிக் குதித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் குதித்ததற்கு முழங்கால் ஒரு வாரம் வலித்தது.

“முப்பது நிக்குது. நாலு இறங்கியாச்சு. ஒண்ணு என்னோடது, சேராது,” என்று தோர்கில் எழுதிக்கொண்டார். கீழே இறங்கினார், மறுபடி ஏறினார், இன்னொரு முறை எண்ணினார். சரியாக இருந்தது. பதினொரு பேருக்கும் முகவரி அனுப்பினார். அதன் பிறகு வீட்டுக்கு சைக்கிள் மிதித்துப்போய், நடுப்பகல் பன்னிரண்டே முக்காலுக்குத் தன் கொடியை ஏற்றினார்.

“இப்ப மட்டும் ஏத்தலாமா?” என்றேன்.

“ஓட்டு முடிஞ்சுது. இது வெறும் பிறந்தநாள்.” படம் எடுத்து அனுப்பினார். வந்த பதிலை எனக்குக் காட்டவில்லை. காதைப் பார்த்து நானே யூகித்துக்கொண்டேன்.

அந்தப் பதினான்கு நாளும் முகாம் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு அவர்தான் காவல் இருந்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆங்கர் இன்றும் என் கடைக்கு வந்து ஹெரிங் பழசு என்று சண்டை போடுகிறார். ஆனால் தோர்கிலை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர்கள் வந்து இறங்கிய அந்தச் சனிக்கிழமைதான்.

ஊர் திரும்புகிறவர்களுக்காகக் காலையிலேயே எல்லா வீட்டிலும் கொடி ஏறியது. வேண்டாம் என்ற நாலு வீட்டிலும் ஏறியது. மாலைப் படகு என்று எதிர்பார்த்தோம். விமானம் தாமதம், யூட்டே அக்கரையில் காத்திருந்தாள். பொழுது சாய்ந்தது. ஒவ்வொரு வீடாகக் கொடியை இறக்கிச் சுருட்டினோம். நானும் இறக்கினேன், போன் வருவதற்கு முன்பே. பழக்கமாகத் தோர்கிலின் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே ஆள் இல்லை.

அரை மணிக்கும் மேல் கழித்து, படகு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் பாட்டு வந்தது. கடுங்குளிரில் மேல்தளத்தில் உட்கார்ந்துகொண்டு பதினொரு பேரும் பாடினார்கள். யூட்டே சங்கையே ஊதவில்லை. தோட்டத்துக்கு ஓடினேன். மங்கிய வானத்தில், தீவு முழுவதிலும் ஒரே ஒரு கொடி நின்று பறந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்பது வருடக் கடன் இது. போனை எடுத்தேன்.

“உன் கொடி இன்னும் மேலயே இருக்கு. சூரியன் போய் நாப்பது நிமிஷம் ஆச்சு.”

“தெரியும்,” என்றார், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நான் வைத்ததும் அவர் போன் மறுபடி அடித்தது. நின்றது, அடித்தது. தீவு முழுக்க ஜன்னலில் நின்றுகொண்டு வரிசையாக அவரைக் கூப்பிடுகிறது என்பது எனக்குப் புரிந்தது. அவர் எடுக்கவில்லை. சட்டைப் பைக்குள் அது கத்திக்கொண்டே இருக்க, கடலைப் பார்த்தபடி இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, கொடியை இன்னும் ஒரு சாண் மேலே இழுத்துக் கட்டினார்.